வாசகர் கைக்கு மைக் வரட்டும்

ஜனவரி மாதம் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் புத்தகம் வாங்க மட்டும் வருவதில்லை. மாலையானால் அரங்குகளுக்கு வெளியே உள்ள மேடையின் முன்னால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேச்சு கேட்கிறார்கள். உள்ளே ஒரு பதிப்பகத்தின் ஸ்டால் வாசலில் இருபது பேர் வழியை மறித்து நிற்கிறார்கள். ஒரு கவிதைத் தொகுப்பு வெளியாகிறது. அடுத்த வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியரிடம் கையெழுத்து வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். விற்பனைக் கணக்கில் ஏறாத இந்தக் கூடுகைகள்தான் கண்காட்சியை ஊர்த் திருவிழாவாக மாற்றுகின்றன. அவை எப்படி நடக்கின்றன, எங்கே குறைபடுகின்றன, எப்படி வளர்க்கலாம்?

மேடை ஏன் இத்தனை முக்கியம்?

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம், அதாவது பபாசி, 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளோடு முதல் கண்காட்சியை நடத்தியது. காயிதே மில்லத் கல்லூரி, செயின்ட் ஜார்ஜ் பள்ளி என்று இடம் மாறி நந்தனம் வந்து சேர்ந்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2016 ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. கொரோனாவால் 2022இல் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. வணிகர்களின் சங்கம் நடத்தும் காட்சி என்றாலும், மாலைச் சொற்பொழிவு இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. பொதுக்கூட்டம், பட்டிமன்றம், கோயில் கதாகாலட்சேபம் என்று காதால் கற்பது நமக்குப் பழக்கமான வழி. எழுத்தோடு நெருக்கமில்லாத ஒருவரும் நல்ல பேச்சுக்கு வந்து உட்காருவார். பேச்சாளர் ஒரு நாவலைப் பற்றி மனமுருகச் சொன்னால், அந்த நாவல் எந்த ஸ்டாலில் கிடைக்கும் என்று தேடிப் போவார். முதல்முறை புத்தகம் வாங்குகிற பலருக்கு மேடைதான் நுழைவாயில்.

ஈரோடு காட்டிய வழி

இதை மிகத் தெளிவாக நிரூபித்த ஊர் ஈரோடு. அங்கே 2005இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவை நடத்துவது பதிப்பாளர் சங்கமன்று, மக்கள் சிந்தனைப் பேரவை என்ற சமூக அமைப்பு. ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் இந்த விழாவின் உயிர்நாடியே மாலை மேடைதான். அப்துல் கலாம் பேசிய மேடை அது. மாணவர்கள் உண்டியலில் காசு சேர்த்து வந்து புத்தகம் வாங்கும் பழக்கத்தையும் பேரவை வளர்த்தது. விசைத்தறிக்கும் மஞ்சளுக்கும் பெயர்பெற்ற வணிக நகரம் ஆண்டுதோறும் புத்தகத்துக்காகக் கூடுகிறதென்றால், விழா தங்களுடையது என்று ஊர்க்காரர்கள் நினைப்பதே அதற்கு அடிப்படை.

எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்தத் தமிழக அரசு முடிவெடுத்தபோது இப்படிப்பட்ட முன்மாதிரி ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. மாவட்டங்களில் ஸ்டால்கள் போடுவது எளிது. அந்த ஊர் ஆசிரியர்களையும் நூலகர்களையும் வாசகர் வட்டங்களையும் நிகழ்ச்சி வகுக்கும் வேலையில் சேர்ப்பதுதான் கடினம். அப்படிச் சேர்த்தால்தான் விழா வேரூன்றும்.

ஸ்டால் வாசலில் நடப்பது

பெரிய மேடைக்கு இணையாக, அறிவிப்புப் பலகை கூட இல்லாமல் இன்னொரு விழா நடக்கிறது. தமிழில் ஓர் ஆண்டின் புதிய நூல்களில் பெரும்பகுதி சென்னைக் காட்சியை ஒட்டித்தான் வெளிவருகிறது. பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறை வந்தபின் நூறு, இருநூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டுக்கூட ஒரு நூலைக் கொண்டுவர முடிகிறது. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு பதிப்பகம் ஸ்டால் வாசலிலேயே வெளியீட்டை நடத்துகிறது. ஒருவர் வெளியிட, ஒருவர் பெற்றுக்கொள்ள, எழுத்தாளர் நாலு வார்த்தை பேச, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நல்ல இலக்கிய நூல்களை வைத்து விற்கும் கடைகள் பல ஊர்களில் இல்லை. ஊர் ஊராக எழுத்தாளரை அழைத்துப்போய் வாசகரைச் சந்திக்க வைக்கும் ஏற்பாடும் பதிப்புத் துறையில் வலுவாக இல்லை. ஆகவே, தேனியிலிருந்து வந்த வாசகர் தனக்குப் பிடித்த எழுத்தாளரிடம் ஒரு கதையின் முடிவைப் பற்றிக் கேட்கச் சந்தர்ப்பம் கிடைப்பது இந்தக் குறுகிய நடைபாதையில்தான். முகநூலில் மட்டும் பேசிக்கொண்டவர்கள் இங்கே நேரில் பார்த்து, கேண்டீனில் தேநீர் வாங்கிக்கொண்டு வாசித்ததைப் பற்றி வாதம் செய்கிறார்கள். வாசக சமூகம் உருவாவது இப்படித்தான்.

எது குறைகிறது?

மேடைக்கும் ஸ்டால் வாசலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பெரிய மேடையில் பேச்சு ஒருவழிப் பாதை. கேட்பவர் கைதட்டலாம், கேள்வி கேட்க முடியாது. ஸ்டால் வாசலில் கேட்கலாம், ஆனால் நெரிசலில் உரையாடல் நீடிக்காது. நல்ல பேச்சாளருக்குக் கிடைக்கும் இடம் நல்ல எழுத்தாளருக்குக் கிடைப்பதில்லை. மேடைப் பேச்சு வராத எழுத்தாளர்கள் நம்மிடம் ஏராளம். எதிரில் ஒருவர் அமர்ந்து பொருத்தமாகக் கேட்டால் அவர்கள் அருமையாகப் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட உரையாடல் சாத்தியம் என்பதற்குச் சான்று தொலைவில் தேட வேண்டியதில்லை. கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் விருது வழங்குகிறது. அந்த விழாவின் அமர்வுகளில் எழுத்தாளர் உரை நிகழ்த்துவதைவிட, அவரை வாசித்துவிட்டு வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே முக்கியம். கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் நடக்கும் கேரள இலக்கிய விழாவில் ஒரே நேரத்தில் பல பந்தல்களில் உரையாடல் நடக்கிறது. தமிழக அரசே பொருநை, காவிரி, வைகை, சிறுவாணி, சென்னை என்று இலக்கியத் திருவிழாக்களை நடத்திக் காட்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை

புத்தகக் காட்சி வளாகத்திலேயே ஐம்பது பேர் அமரும் சிற்றரங்கம் ஒன்று வேண்டும். ஒரு நூல், ஓர் எழுத்தாளர், அந்த நூலைப் படித்துவிட்டு வந்த நெறியாளர், ஒரு மணி நேரம். அதில் கடைசி இருபது நிமிடம் முழுக்க வாசகருக்கு. வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் அங்கே நேரம் ஒதுக்க வேண்டாம். அன்றைய ஸ்டால் வெளியீடுகளின் பட்டியலை நுழைவாயில் பலகையில் எழுதிவைத்தால் சிறு பதிப்பகங்களுக்கும் ஆள் சேரும். பள்ளிப் பிள்ளைகள் வரும் பகல் நேரத்தைச் சிறார் எழுத்தாளர்களின் கதைசொல்லலுக்குத் தரலாம்.

இன்னொன்றும் உடனே செய்யலாம். மு. கருணாநிதி 2007இல் சொந்தப் பணம் ஒரு கோடி ரூபாயை பபாசிக்கு அளித்தார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி வழங்கப்படுகிறது. விருது பெறும் ஒவ்வொருவருக்கும் வாசகரோடு ஒரு மணி நேரம் அமைத்துக் கொடுங்கள். அவர் வாழ்நாள் உழைப்பைப் பற்றி ஊர் தெரிந்துகொள்ளும்; பரிசுத் தொகை தர முடியாத நிறைவு அவருக்கும் கிடைக்கும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சிறு பந்தல், இரண்டு மைக், நூலை உண்மையாகவே படித்த ஒரு நெறியாளர் போதும். அடுத்த காட்சிக்கு வரைபடம் போடும்போதே, நூற்றுக்கணக்கான ஸ்டால்களுக்கு நடுவில் இந்தப் பந்தலுக்கும் இடம் குறித்துவிட வேண்டும். கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட வாசகர் அடுத்த ஆண்டும் வருவார், வரும்போது இன்னொருவரையும் கூட்டி வருவார்.