மூலிகைச் சாறு ஒட்டுண்ணியைக் கொன்றால் நோய் தீர்ந்துவிடுமா?

பூண்டும் மாதுளையும் பால்வினை நோய்க் கிருமியை அழிக்கும் என்று கேட்டதும் பலருக்கும் நம்பிக்கை பிறக்கிறது. வெட்கத்தால் மருத்துவரிடம் போகத் தயங்குபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், ஆய்வுக்கூட வெற்றியும் நோயாளி குணமடைவதும் ஒன்றுதானா?

டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்பது ஒரே உயிரணுவால் ஆன ஒட்டுண்ணி. பிரெஞ்சு மருத்துவர் ஆல்ஃபிரெட் டோனே 1836-இல் இதை முதலில் விவரித்தார். இது உடலுறவின் வழி பரவுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுடையோரிடம் சுமார் 15 கோடியே 60 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டன. பெண்களுக்கு வெள்ளைப்படுதல், அரிப்பு, எரிச்சல் வரலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவத்திற்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரை நல்ல மருந்து. எனினும், சில ஒட்டுண்ணிகள் அதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் தாவரங்களை நாடுகின்றனர். எகிப்தில் பூண்டும் மாதுளையும் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளன.

சோதனை எப்படி நடக்கிறது? தாவரத்தை உலர்த்திப் பொடியாக்கி, நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். ஊட்டக் கரைசலில் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்த்த ஒட்டுண்ணிகளைச் சம எண்ணிக்கையில் குழாய்களில் இடுவார்கள். சில குழாய்களில் வெவ்வேறு அளவில் சாறு, ஒன்றில் மெட்ரோனிடசோல், இன்னொன்றில் சாறு கலக்காத வெறும் கரைப்பான். கரைப்பானே கிருமியைக் கொல்லவில்லை என்பதை உறுதி செய்யவே கடைசிக் குழாய். பிறகு 24, 48 மணி நேரங்களில், உயிரோடு இருப்பவற்றை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். அந்தச் சாறு மனித உயிரணுக்களைப் பாதிக்கிறதா என்பதும் தனியே சோதிக்கப்பட வேண்டும்.

குழாயில் சாறு ஒட்டுண்ணியை நேரடியாகத் தொடுகிறது. உண்ணும் பூண்டோ குடலில் செரித்து, கல்லீரலில் மாறி, இரத்தத்தில் கலக்கிறது. நோயுள்ள இடத்தை எவ்வளவு சென்றடையும் என்பது வேறு கேள்வி. பச்சைப் பூண்டைப் பிறப்புறுப்பில் வைத்தால் தோல் புண்ணாகும். மூலிகை நீரால் உட்புறத்தைக் கழுவினால் அங்குள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் குலையும்.

தாவரத்திலிருந்து மருந்து பிறக்காது என்பதல்ல. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் ஒரு மூலிகையிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டறிந்த சீன ஆய்வாளர் து யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், அந்தப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்தானது.

ஆகவே, அறிகுறி தெரிந்தால் மருத்துவரை நாடுவதே முறை. கணவன், மனைவி இருவரும் ஒருசேரச் சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து உட்கொண்டால், குணமான நோய் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றிக்கொள்ளும்.