கடல் கடந்தும் தொடரவேண்டிய மருந்து



மாதனூரிலும் ஆம்பூரிலும் பதனிடப்பெறும் தோல் அயல்நாடு செல்லும்போது, சரக்கோடு அதற்குரிய தாள்களும் செல்கின்றன. தாளில் பிழை நேர்ந்தால் சரக்கு துறைமுகத்தில் தங்கிவிடும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துக்கும் இது பொருந்தும்.

திருநங்கையர்க்கென நாட்டிலேயே முதன்முதலாக நலவாரியம் அமைத்தது நம் தமிழ்நாடு, ஆண்டு 2008. இன்று திருநங்கையரும் திருநம்பியரும் கல்லூரியில் பயில்கின்றனர். மேற்படிப்புக்கு வெளிநாடும் செல்கின்றனர். அவர்களுள் பலர் ஹார்மோன் மருத்துவம் பெறுபவர். திருநங்கையர் ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தும் கொள்வர். திருநம்பியர் டெஸ்டோஸ்டிரோன் கொள்வர்.

இம்மருந்தை இடையில் விட்டால் என்ன? அறுவை மருத்துவத்தால் விதைகளோ சூலகங்களோ நீக்கப்பட்டவர்க்கு, உடல் தானே போதிய ஹார்மோனைச் சுரக்காது. மருந்தும் நின்றால் நாளடைவில் எலும்பு வலுவிழக்கும். தாமே அளவைக் கூட்டுவதும் தீங்கே. ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் குருதி உறைகட்டி தோன்றலாம். டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் குருதி தடிக்கும். ஆகவே இடையிடையே குருதிச் சோதனை இன்றியமையாதது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்கா 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அம்மருந்துச் சீட்டு ஆறு திங்களுக்கே செல்லும். இந்தியாவில் வழங்கும் சைப்ரோடெரோன் என்னும் மருந்துக்கு அங்கே ஒப்புதல் இல்லை. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் வேறு மருந்தைத் தருவர். பிரிட்டனுக்குச் செல்லும் மாணவர்க்கு நுழைவிசைவோடு நலக்கட்டணமும் உண்டு. 2024 பிப்ரவரியில் அஃது ஆண்டுக்கு 776 பவுன் ஆயிற்று. அதைச் செலுத்தியவர் அரசு மருத்துவப் பணியைப் பெறலாம். எனினும் இதற்குரிய தனி மருத்துவ நிலையங்களில் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. எனவே, சென்றவுடன் வட்டார மருத்துவரிடம் பெயரைப் பதிந்து, பழைய மருத்துவத்தைத் தொடர இசைவாரா என வினவவேண்டும். எல்லா மருத்துவரும் இசைவதில்லை.

ஆதலின், புறப்படுவதற்குச் சில திங்கள் முன்பே ஆயத்தம் வேண்டும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பெறுக. மருத்துவம் தொடங்கிய நாள், அளவு, அண்மைச் சோதனை முடிவு ஆகியவை அதில் இருக்கட்டும். மருந்தைக் கடைப்பெயரால் குறியாமல் வேதிப்பெயரால் குறிக்கச் செய்க. கடைப்பெயர் எல்லை கடந்தால் எவர்க்கும் விளங்காது. கடிதத்திலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றாக இருத்தல் வேண்டும். எவ்வளவு மருந்து கொண்டுசெல்லலாம் என்பதை அந்நாட்டுத் தூதரகத்தில் கேட்டறிக. உறை பிரிக்காத மருந்தைக் கைப்பையில் வைத்திடுக. மருந்து தீரும் நிலை வந்தால், முன்பின் அறியாதாரிடம் வாங்காமல், ஊரிலுள்ள மருத்துவரையே கலந்துகொள்க.

மற்ற மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. உடன் பயிலும் ஒருவர் இத்தகைய மருந்து கொள்வதை நீங்கள் அறிய நேரலாம். அவர் இசைவின்றி அதைப் பிறரிடம் கூறாதிருங்கள். இரகசியம் வெளிப்படும் என்னும் அச்சத்தாலேயே மருத்துவரை நாடாமல் மருந்தை விட்டுவிடுவோர் உண்டு. உங்கள் வாயடக்கம் ஒருவர் உடல்நலத்தைக் காக்கும்.