அடிக்கடி தடிமன், இருமல்: பிள்ளையின் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிவிட்டதா?

முன்பள்ளிக்கு அனுப்பிய நாள் முதல் பிள்ளைக்குத் தடிமனும் இருமலும் விட்டபாடில்லை என்பது பெற்றோர் பலரின் முறைப்பாடாகும். உடலில் எதிர்ப்புச் சக்தியே இல்லையோ என்ற அச்சமும் உடன் எழுகின்றது. பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வச்சம் தேவையற்றது. ஆயினும் மிகச் சிலரின் விடயத்தில் அதனை அலட்சியம் செய்வது உயிராபத்தில் முடியலாம். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி அறிவது அவசியமாகும்.

கருவிலுள்ள சிசுவுக்குத் தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் வழியாகக் கிடைக்கின்றன. பிறந்து ஆறு மாதமளவில் இவை பெருமளவு குறைந்துவிடுகின்றன. பிள்ளை தானாக உருவாக்கும் பிறபொருளெதிரிகளோ படிப்படியாகவே பெருகுகின்றன. நியூமோனியாவை உண்டாக்கும் சில பக்றீரியாக்களின் மாச்சத்து வகையான மேலுறைக்கு எதிராக, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் போதியளவு செயற்படுவதில்லை. இலங்கையில் 2008இல் அறிமுகமான ஐந்து நோய்களுக்கெதிரான கூட்டுத் தடுப்பூசியிலுள்ள ஹிப் கூறு, அத்தகைய உறைப்பொருளைப் புரதத்துடன் இணைத்து இக்குறையை ஈடுசெய்கின்றது.

தடிமனை ஏற்படுத்தும் றைனோ வைரசில் மாத்திரம் 150க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றை வென்ற உடல் மற்றொன்றுக்குப் புதிதாகவே முகங்கொடுக்க வேண்டியுள்ளது. எனவே இளம்பிள்ளைகளுக்கு ஆண்டில் 6 முதல் 8 தடவைகள் தடிமன் பிடிப்பது இயல்பானதே. ஒவ்வொரு தடவையும் இருமல் இரு வாரங்கள் வரை நீடிப்பதால், பிள்ளை எந்நேரமும் நோயுற்றிருப்பதாகத் தோன்றுகின்றது.

வைரசுகளை அன்ரிபயோட்டிக் மருந்துகள் அழிப்பதில்லை. வைத்தியரின் ஆலோசனையின்றி அவற்றை வாங்கிக் கொடுப்பது, பக்றீரியாக்கள் அம்மருந்துகளுக்கு அடங்காத நிலையையே தோற்றுவிக்கும். மாறாக, சிகரெட், விறகடுப்பு, நுளம்புச்சுருள் ஆகியவற்றின் புகையிலிருந்து பிள்ளையைக் காப்பது பயன் தரும்.

1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புரூட்டன், கடும் தொற்றுக்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளான எட்டு வயதுச் சிறுவனின் குருதியில் பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லாதிருப்பதைக் கண்டறிந்தார். அதனை ஊசி மூலம் வழங்கியதும் தொற்றுக்கள் கட்டுப்பட்டன. அரிதான இக்குறைபாடு உரிய வேளையில் இனங்காணப்பட்டால் சிகிச்சை உண்டு.

ஒரே ஆண்டில் இரு தடவைகள் நியூமோனியா, நான்கு தடவைகள் காதில் தொற்று, உடல் நிறை கூடாமை, குடும்பத்தில் இத்தகைய குறைபாடு இருந்தமை என்பன எச்சரிக்கை அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்றேனும் காணப்படின் சிறுபிள்ளை வைத்திய நிபுணரை நாடிக் குருதிப் பரிசோதனை குறித்து ஆலோசித்தல் வேண்டும்.

எத்தனை தடவை தடிமன் வந்தது என்பதை மாத்திரம் எண்ணிக் கலங்குவதில் பயனில்லை. இடைப்பட்ட நாட்களில் பிள்ளை உண்டு, விளையாடி, உரியவாறு வளர்கின்றதா என்பதையே பெற்றோர் உன்னிப்பாகக் கவனித்தல் வேண்டும்.