சலிஃப் கெய்ட்டா: மாலியின் கருஞ்சிறுத்தை

ஆப்பிரிக்காவின் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது 1970-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் மாலி நாட்டின் சலிஃப் கெய்ட்டா. ஐரோப்பாவில் அவருக்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் புகழ்பெற்றிருந்தார்கள். ஆனால் மொராக்கோவின் லார்பி பென் பாரேக் பிரான்ஸ் அணிக்காக ஆடினார். மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ போர்ச்சுகல் அணிக்காக ஆடினார். அவர்களுடைய தாய்மண் அப்போது ஐரோப்பியரின் ஆட்சியில் இருந்தது. கெய்ட்டாவோ, 1960-இல் விடுதலை பெற்ற ஒரு நாட்டின் குடிமகனாகவே போனார். அப்படியே இருக்கவும் செய்தார்.

1946 டிசம்பர் 8 அன்று பமாக்கோவில் பிறந்த கெய்ட்டா, பதின்வயதிலேயே தேசிய அணிக்குள் நுழைந்தார். உள்ளூர் அணிகளுடன் ஆப்பிரிக்க சாம்பியன் கிளப் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை இரண்டு முறை சென்றும் கோப்பை கைகூடவில்லை. பமாக்கோவில் வாழ்ந்த லெபனான் வணிகர் ஒருவர் பிரான்ஸின் செந்த்-எத்தியென் கிளப்பின் தீவிர ரசிகர். இந்த இளைஞனை விட்டுவிடாதீர்கள் என்று கிளப்புக்கு எழுதியவர் அவர்தான்.

நட்சத்திர வீரரை வெளியே அனுப்ப மாலி அதிகாரிகளுக்கு மனமில்லை. எனவே கெய்ட்டா 1967-இல் சத்தமில்லாமல் அண்டை நாடுகளின் வழியாகப் பயணப்பட்டு லைபீரியாவை அடைந்து, அங்கிருந்து பாரிஸுக்கு விமானம் ஏறினார். விமான நிலையத்தில் அவரை வரவேற்க ஒருவரும் இல்லை. செந்த்-எத்தியென் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இருபது வயதே நிறைந்த அந்த இளைஞர் ஒரு டாக்ஸியைப் பிடித்து, கிளப் அலுவலகத்துக்கு விடச் சொன்னார். வாடகையைக் கிளப்பே கொடுத்தது. கிளப்பின் வரலாற்றில் அதைவிட லாபமான செலவு வேறில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

செந்த்-எத்தியென் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அங்கே அவர் ஆடிய ஐந்து பருவங்களில் 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் லீக் பட்டம் அந்த அணிக்கே வந்தது. 1968, 1970 ஆண்டுகளில் பிரெஞ்சுக் கோப்பையும் சேர்ந்தது. 1969-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் பயர்ன் மியூனிக்கிடம் வெளியூரில் 0-2 எனத் தோற்ற அணி, சொந்த மைதானத்தில் 3-0 என வென்று முன்னேறியது. மூன்றாவது கோல் கெய்ட்டாவினுடையது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த அந்தக் கோல்தான் அன்று கணக்கைத் தீர்த்தது. 1970-71 பருவத்தில் லீக்கில் மட்டும் 42 கோல்கள் அடித்தார். அதற்கும் முதலிடம் கிட்டவில்லை. மார்செய் அணியின் யோசிப் ஸ்கோப்ளார் 44 அடித்திருந்தார். செந்த்-எத்தியென் கிளப் தன் சின்னமாக ஏற்ற கருஞ்சிறுத்தை, கெய்ட்டாவை நினைவூட்டுவதாகவே இன்றும் ரசிகர்களால் கருதப்படுகிறது.

1972-இல் மார்செய்க்கு மாறினார். அணியில் சேர்க்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு அப்போது கடுமையான வரம்பு இருந்தது. அதைச் சமாளிக்க, பிரெஞ்சுக் குடியுரிமை பெறும்படி கிளப் வற்புறுத்தியது. கெய்ட்டா மறுத்தார். அதே 1972-இல் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் மாலி இறுதி ஆட்டம்வரை வந்திருந்தது. அந்த நாட்டு வீரர் என்ற அடையாளத்தைக் கைவிட அவர் தயாராக இல்லை. கோல்களைவிட இந்த மறுப்பே அவரைத் தனித்து நிறுத்துகிறது.

1973-இல் ஸ்பெயினின் வலென்சியாவுக்கும், 1976-இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கும் சென்றார். 1978-இல் ஸ்போர்ட்டிங் போர்ச்சுகல் கோப்பையை வென்றது. பின்னர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து டீ மென் அணியில் ஆடி, 1980-இல் ஓய்வு பெற்றார்.

தாயகம் திரும்பியவர், 1994-இல் தன் பெயரிலேயே ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தை நிறுவினார். பின்னாளில் பார்சிலோனாவில் ஆடிய அவருடைய உறவினர் செய்டு கெய்ட்டாவும், ரியல் மாட்ரிட்டில் ஆடிய மஹமடூ டியாராவும் அங்கே பயின்றவர்கள். 2005 முதல் 2009 வரை மாலி கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார். சலிஃப் கெய்ட்டா 2023 செப்டம்பர் 2 அன்று, தமது 76-ஆம் வயதில் பமாக்கோவில் காலமானார்.