நீரிழிவு நோயும் இரத்தக் கொழுப்பும்

நீரிழிவு என்பது பட்டணத்தாருக்கும் பணம் படைத்தவர்களுக்கும் உரிய நோய் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று அவ்வாறு எண்ண இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

"சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இனிக் கவலையில்லை" என்பது முகாம்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது இன்றியமையாததே. ஆனால் அதுமட்டும் போதாது. நீரிழிவு உள்ளவர்களின் உயிருக்குப் பெரும் பகையாக இருப்பது இருதய நோய். மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு மாரடைப்பு நேரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த அபாயத்தை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளங்களுள் முக்கியமானவை இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவுகள்.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு

இன்சுலின் சர்க்கரையை மட்டுமன்றிக் கொழுப்பையும் ஆளுகின்றது. உடலில் சேமித்து வைக்கப்பட்ட கொழுப்பு, வேண்டாத வேளையில் இரத்தத்தில் கலந்துவிடாமல் மதகு போல நின்று தடுப்பதும் அதன் பணியே. நீரிழிவில் இந்த மதகு தளர்ந்துவிடுகிறது. கொழுப்பு ஈரலை நோக்கிப் பாய்கிறது. ஈரல் அதனை ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக்கி மீண்டும் இரத்தத்தில் விடுகிறது. இதன் விளைவாக, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பு குறைகிறது, எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து, இறுகி, இரத்தக் குழாயின் சுவருக்குள் எளிதில் புகுகின்றன.

வாய்க்காலில் படியும் வண்டல் கண்ணுக்குத் தெரியும், தூர் வாரிவிடலாம். இதுவோ கரைக்குள்ளேயே ஊறிச் சேர்வது. ஒரு நாள் அவ்விடம் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுவே மாரடைப்பு. நீரிழிவினால் நரம்புகள் பழுதுற்றவர்களுக்கு நெஞ்சு வலி தோன்றாமலேயே மாரடைப்பு வருவதுண்டு. திடீரென மூச்சுத் திணறல், காரணமற்ற வியர்வை, மிகுந்த களைப்பு ஆகியவை காணப்பட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அளவுகளை அறியும் முறை

இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இக்கொழுப்புகள் கணக்கிடப்படுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், ஏற்கெனவே இருதய நோய் கண்டவர்களுக்கு 70-க்குக் கீழும் இருத்தல் நலம். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டலாகாது. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையலாகாது.

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வது தவறு. ஒருவருக்கு மொத்தம் 190 என்று வைத்துக்கொள்வோம். 200-க்குக் கீழே இருப்பதால் நல்லதென்றே தோன்றும். ஆனால் அவருடைய நல்ல கொழுப்பு 34 ஆயின், அதனைக் கழித்தால் மீதி 156. இந்த மீதி முழுவதும் தீங்கு செய்யத்தக்கது. எல்.டி.எல். அளவுக்கு விதித்த எல்லையுடன் 30-ஐக் கூட்டினால் வருவதே இந்த மீதிக்கு எல்லை, அதாவது 130. ஆகவே இவருடைய இருதயம் அபாயத்தில் இருக்கிறது. இக்கழித்தல் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுக் கொடுத்துவிடும்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் வரச் சொன்னால், மாத்திரையையோ இன்சுலினையோ அன்று எப்படிப் பயன்படுத்துவது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

ட்ரைகிளிசரைடை உயர்த்துவதில் எண்ணெய்க்கு மட்டுமே பங்கு என்று கருதலாகாது. மிகுதியாக உண்ணும் வெள்ளைச் சோறும், சர்க்கரையும், மதுவும் அதனை உயர்த்தும். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, கீரை, காய்கறிகளைக் கூட்டுக. கம்பும் கேழ்வரகும் நல்லவையே. எனினும் அவற்றுக்கும் அளவு உண்டு. வனஸ்பதியைத் தவிர்க்க வேண்டும். ஒரு முறை காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சலாகாது. ஏரின் பின்னே நடந்த கால்கள் இன்று டிராக்டரில் அமர்ந்திருக்கின்றன. ஆதலால், டாக்டரைக் கலந்துகொண்டு, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடப்பது அவசியம். பீடி, சிகரெட், புகையிலையை அறவே விட்டொழிக்க வேண்டும்.

தேவைப்படின் டாக்டர் ஸ்டாடின் வகை மாத்திரையைத் தருவார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும், இருதய நோய் இல்லாத நீரிழிவு நோயாளிகள் 2,838 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இம்மாத்திரையை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருந்தீங்குகள் 37 சதவீதம் குறைந்தன. அவர்களுக்குத் தொடக்கத்தில் கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. அளவு குறைந்துவிட்டதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, பயிர் பச்சை கட்டியதும் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

பஞ்சாயத்தின் கடமை

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்த்தது. மாத்திரை வந்துவிட்டால் பரிசோதனை வேண்டுவதில்லை என்று எவரும் கொள்ளலாகாது. கொழுப்புப் பரிசோதனை அருகில் எந்த அரசு மருத்துவமனையில், எந்நாளில் நடைபெறுகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். கிராம சபையில் இதனை எடுத்துரைக்கலாம். தனியே செல்ல இயலாத முதியோர் ஒன்றாகச் சென்றுவர ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம்.

உழைத்துக் காப்பவர் ஒருவர் திடீரென மறைந்தால், அக்குடும்பத்தில் நிலம் அடமானம் போகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் இரத்தப் பரிசோதனை இத்துயரில் பெரும்பகுதியைத் தவிர்க்க உதவும். ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் நீரிழிவு உள்ள ஒவ்வொருவரையும் கண்டு, "சர்க்கரை பார்த்தீர்களா?" என்பதோடு நில்லாமல், "கொழுப்பும் பார்த்தீர்களா?" என்று கேட்பார்களாக.