சைகோனின் கடைசி நாளும் ஒரு புளியமரமும்

யுத்தம் எவ்வாறு தொடங்கிற்று என்பதை விளக்கும் நூல்கள் பல உண்டு. வென்றவர் நகருக்குள் நுழைந்த காட்சியை வருணிப்போரும் பலர். தோற்ற பக்கத்தார் வெளியேறும் வேளையில் யாரை அழைத்துச் சென்றனர், யாரை விட்டுச் சென்றனர் என்னும் கணக்கை எடுப்பார் சிலரே. நம்மைப் போலப் பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடி வந்த குடும்பத்தார்க்கு அந்தக் கணக்கே முக்கியமானது. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 29, 30 தேதிகளில் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் நடந்தவற்றை அந்த நோக்குடன் இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம். அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்து முற்றத்தில் ஒரு புளியமரம் நின்றது. நம் கதை அந்த மரத்தைச் சுற்றியே வருகின்றது.

முன்கதை

1954-ல் பிரெஞ்சுக்காரர் தோல்வியுற்ற பின் வியட்நாம் வடக்கு, தெற்கு என இரு கூறாயிற்று. தென்பகுதி அரசுக்குத் துணை நின்ற அமெரிக்கா ஒரு கட்டத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரரை அங்கே நிறுத்தியிருந்தது. 1973 ஜனவரியில் பாரிஸ் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு முடிவில் அமெரிக்கப் படைகள் தாயகம் திரும்பின. தூதரகத்தாரும், ராணுவத் தொடர்பு அலுவலகத்தாரும், ஒப்பந்தக்காரரும் மட்டுமே எஞ்சினர். அவர்களிடம் எழுத்தராகவும், மொழிபெயர்ப்பாளராகவும், காரோட்டியாகவும், சமையற்காரராகவும், உளவறிவோராகவும் பணி புரிந்த வியட்நாமியர் பல்லாயிரவர். வட வியட்நாம் வென்றால் தம் கதி என்னவாகும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயினும், ஆபத்து நேரின் உங்களைக் கைவிட மாட்டோம் என்னும் வாக்குறுதியை அவர்கள் நம்பியிருந்தனர்.

1975 மார்ச்சு 10-ஆம் தேதி வட வியட்நாம்ப் படை மேட்டுநிலத்திலுள்ள பான் மீ துவாட் நகரைத் தாக்கிற்று. அதைக் கண்டு கலங்கிய தென் வியட்நாம் அதிபர் தியூ, மேட்டுநிலம் முழுவதையும் விட்டுப் பின்வாங்குமாறு ஆணையிட்டார். சிப்பாய்களும் அவர்தம் குடும்பத்தாரும் ஊர் ஜனங்களும் ஒரே மலைச்சாலையில் கலந்து நெருக்கியமையால் அப்பின்வாங்கல் பேரழிவாக முடிந்தது. மார்ச்சு இறுதி வாரத்தில் பழம்பெரும் தலைநகரான ஹியூ வீழ்ந்தது. 29-ஆம் தேதி டா நாங் துறைமுகமும் வீழ்ந்தது.

டா நாங்கில் அன்று நடந்தது பின்னர் வரவிருந்ததற்கு முன்னறிவிப்பு எனலாம். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றி வருவதற்கென அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் விமானம் அங்கே சென்று இறங்கிற்று. அது ஓடுதளத்தில் நகர்ந்துகொண்டிருந்தபோதே ஆயிரக்கணக்கானோர் அதைத் துரத்தினர். அடித்துப் பிடித்து ஏறியவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். பெண்களும் குழந்தைகளும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

மரத்தை வெட்டலாகாது

அப்போது சைகோனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் கிரகாம் மார்ட்டின். நகரை விட்டு வெளியேற நேரின் பெரிய ஹெலிகாப்டர்கள் தூதரக முற்றத்தில் இறங்க வேண்டியிருக்கும். அதற்கு அங்கே நின்ற புளியமரம் தடையாக இருந்தது. சைகோன் வீதிகளில் பிரெஞ்சுக்காரர் காலம் முதல் நிழல் தந்து வரும் மரம் புளி. நம் ஊர்ச் சாலையோரத்தில் நிற்பதும் அதுவேயன்றோ! அதை வெட்டிவிட வேண்டும் என அதிகாரிகள் வேண்டினர். தூதர் இசையவில்லை. மரம் விழுந்தால் அமெரிக்கர் ஓடப்போகின்றனர் என்னும் செய்தி நாழிகைக்குள் நகரெங்கும் பரவும், ஜனங்கள் பீதியடைவர், அரசு கவிழும், ஏமாற்றப்பட்ட சிப்பாய்கள் தம் துப்பாக்கியை அமெரிக்கர் மீதே திருப்பவும் கூடும் என்று அவர் அஞ்சினார்.

இவ்வச்சத்தை அறிவீனம் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. டா நாங்கைக் கண்டவர் எவரும் பீதியைக் குறைத்து மதிப்பிடார். ஆனால் அதே டா நாங் மற்றொரு பாடத்தையும் புகட்டிற்று. ரயில் நிலையத்தில் திருவிழாக் கூட்டத்தோடு பழகிய நாம் அதை அறிவோம். எந்த வண்டி, எப்போது, எந்த மேடைக்கு வரும் என்பதை உரிய காலத்தில் உரைத்துவிட்டால் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டேனும் காத்து நிற்பர். ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்து, வண்டி நகரும் நேரத்தில் அவர்களாகவே அதைக் கண்டுகொள்ளும்படி விட்டால்தான் மிதிபட்டு மடிவர். உண்மையை மறைப்பதால் பீதி ஒழிவதில்லை. அது பின்னொரு நாளுக்குத் தள்ளிப்போகின்றது, அவ்வளவே.

ஏப்ரல் மாதம் அவ்வாறே கழிந்தது. 4-ஆம் தேதி அநாதைக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற மாபெரும் ராணுவ விமானம் விழுந்து நொறுங்கி 138 பேர் மாண்டனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகள். 21-ஆம் தேதி தியூ பதவி துறந்தார். இதற்கிடையில் டான் சன் நுட் விமான நிலையத்திலிருந்து விமானங்கள் ஓயாமல் பறந்து சுமார் 50,000 பேரைக் கொண்டு சேர்த்தன. இளம் அதிகாரிகள் சிலர், மேலிடத்தின் அனுமதியை எதிர்பாராமல், தம்மிடம் வேலை செய்தோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் மறைவாக ஏற்றி அனுப்பினர். விதியை மீறிய அவர்களால் உயிர் பிழைத்தோர் பலர்.

வெப்பம் 105 டிகிரி

28-ஆம் தேதி மாலை, வட வியட்நாமியர் தாம் கைப்பற்றியிருந்த விமானங்களைக் கொண்டே டான் சன் நுட் மீது குண்டு வீசினர். மறுநாள் வைகறையில் அங்கே ராக்கெட்டுகள் விழுந்தன. காவலிருந்த இரு அமெரிக்க வீரர் மாண்டனர். ஓடுதளம் சிதைந்தது. இனி விமானம் இல்லை. ஹெலிகாப்டர் ஒன்றே வழி. தூதர் நேரிற் சென்று பார்த்துத் திரும்பிய பிறகே அதற்கு இசைந்தார். சைகோனின் வெப்பம் 105 டிகிரி, மேலும் ஏறுகின்றது என வானொலியில் அறிவித்து, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ஒலிபரப்புவதே வெளியேறுவதற்கான அடையாளம்.

அன்று காலையில்தான் கோடரியும் ரம்பமும் கொண்டு புளியமரத்தை வீழ்த்தினர். பல நாள் ஒத்திவைத்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது.

நகரின் பல இடங்களில் ஜனங்களை ஏற்றிச் செல்ல பஸ்கள் ஏற்பாடாகியிருந்தன. தெருக்களில் நெரிசல் மிகவே, சில இடங்களுக்கு அவை சென்று சேரவில்லை. குறித்த இடத்தில் குறித்தபடி காத்திருந்தோரே ஏமாந்தனர். தூதரகத்தைச் சூழ ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மதிலேறிக் குதிக்க முயன்றோரைக் காவலர் தள்ளினர். காகிதமும் முகமும் சரியாக இருந்தோரைத் தூக்கி உள்ளே விட்டனர். தூதரகத்திலிருந்து சிலரை மட்டுமே ஏற்றுவது என்பதுதான் முதலில் இட்ட திட்டம். அங்கே இத்தனை ஜனங்கள் சேருவர் என எவரும் கணக்கிடவில்லை.

முற்றத்தில் இறங்கிய பெரிய ஹெலிகாப்டர் ஒரு நடைக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்ல, சிறியவை மாடிக் கூரையில் இறங்கின. இருட்டிய பின் காரின் முகவிளக்குகளை எரியவிட்டு இறங்குமிடத்தைக் காட்டினர். விமான நிலையத்தை அடுத்த ராணுவ அலுவலகத்திலிருந்தும் தூதரகத்திலிருந்துமாகச் சுமார் 7,000 பேர், கடலில் நின்ற கப்பல்களுக்குச் சென்று சேர்ந்தனர். ஒரு மாடிக் கூரையின் ஏணியில் ஜனங்கள் வரிசையாக ஏறும் புகைப்படத்தை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். ஹ்யூபர்ட் வான் எஸ் என்னும் டச்சுக்காரர் எடுத்த படம் அது. தூதரகத்தின் கூரை என்று பலர் எண்ணுவது தவறு. அது கியா லாங் தெருவிலிருந்த வேறொரு கட்டடம்.

எஞ்சியோர் 420 பேர்

30-ஆம் தேதி விடியுமுன், இனி அமெரிக்கரை மட்டும் ஏற்றுக என வாஷிங்டனிலிருந்து ஆணை வந்தது. அவ்வேளையில் தூதரக வளாகத்தினுள் சுமார் 420 பேர் அமைதியாக வரிசையில் அமர்ந்திருந்தனர். நெருப்புப் பற்றினால் அணைக்க வேண்டுமென்று கடைசி வரை பணியில் நின்ற உள்ளூர் ஊழியரும், தென் கொரியத் தூதரக அதிகாரிகளும் அவருள் இருந்தனர். உங்களை விட்டுச் செல்ல மாட்டோம் என்று அவர்களுக்கு அவர்தம் மொழியிலேயே உறுதி கூறியவர் ஸ்டூவர்ட் ஹெரிங்டன் என்னும் ராணுவ அதிகாரி. தாம் கூறியது நிறைவேறும் என்றே அவரும் நம்பியிருந்தார். ஆணை வந்ததும் அவரால் அவர்களிடம் உண்மையைச் சொல்ல இயலவில்லை. சிறுநீர் கழிக்கச் செல்வதுபோல் இருளில் நழுவி மாடியேறி அவர் சென்றுவிட்டார். அந்த வெட்கம் தம்மை விட்டு நீங்கவில்லை என அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கின்றார்.

நடைக்கு ஐம்பதுக்கு மேல் எனக் கணக்கிட்டால், 420 பேருக்கு ஏழெட்டு நடையே தேவை. தூதர் ஏறக்குறைய ஐந்து மணிக்குப் புறப்பட்டார். காவல்வீரரில் கடைசிப் பதினொருவர் காலை 7.53 மணிக்குக் கூரையிலிருந்து அகன்றனர். நண்பகலுக்குச் சற்று முன் வட வியட்நாமிய டாங்குகள் அதிபர் மாளிகையின் வாயிலை இடித்து உட்புகுந்தன.

கடலிலும் அதே பரபரப்பு. பூவாங் லீ என்னும் தென் வியட்நாமிய விமானப்படை மேஜர், மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஒரு சிறு விமானத்தில் அடைத்துக்கொண்டு மிட்வே என்னும் விமானந்தாங்கிக் கப்பலை வட்டமிட்டார். கப்பல் தலைவரான லாரன்ஸ் சேம்பர்ஸ், இடம் உண்டாகும் பொருட்டு விலையுயர்ந்த ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளுமாறு ஆணையிட்டார். விமானம் பத்திரமாக இறங்கிற்று. தண்டனை வரலாம் என்றறிந்தும் ஏழு உயிரைப் பெரிதாக மதித்த அச்செயல் என்றும் நினைக்கத்தக்கது.

விட்டுச் செல்லப்பட்டோரின் கதி எளிதாக இல்லை. பழைய அரசைச் சார்ந்தோர் லட்சக்கணக்கில் மறுகல்வி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பத்தாண்டுக்கு மேல் உழன்றோரும் உண்டு. கொரிய அதிகாரிகள் மூவர் 1980 வரை சிறையில் இருந்தனர். 1995 வரையிலான இருபது ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் படகேறி அயல்நாட்டுக் கரைகளை அடைந்தனர். கடலில் மாண்டோர் வேறு. தப்பியோரில் சுமார் 1,500 பேர் 1975 அக்டோபரில் குவாம் தீவிலிருந்து ஒரு கப்பலில் தாயகம் திரும்பினர் என்பது பலர் அறியாத செய்தி. பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து வாழ இயலாமையே அவருள் பலருக்குக் காரணம். கரையிறங்கிய அவர்களையும் முகாம்களே ஏற்றன.

நம்மவரும் அந்நகரமும்

சைகோன் நமக்கு முற்றும் அந்நியமான ஊரன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டிக் கடை வைத்தனர். புதுவை, காரைக்கால் மக்கள் அரசாங்க உத்தியோகத்திலும் துணி வணிகத்திலும் இருந்தனர். தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் அவர்கள் எழுப்பியவை. 1975-க்குப் பின் நம்மவரில் பெரும்பாலோர் கடையையும் வீட்டையும் விட்டு வெளியேறினர். மாரியம்மனுக்கு இன்று விளக்கேற்றி வழிபடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. அதற்கு முன் பர்மாவில் நேர்ந்ததை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1942-ல் ரங்கூன் வீழ்ந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அங்கும் வெள்ளையர்க்கு ஒரு வழி, ஏனையோர்க்கு மற்றொரு வழி என்றே அமைந்தது.

பழைய தூதரகக் கட்டடத்தை 1998-ல் இடித்துவிட்டனர். கூரைக்கு ஏறிய ஏணிப்படி, அப்போது அமெரிக்க அதிபராயிருந்த ஃபோர்டின் பெயரால் அமைந்த காட்சிசாலையில் இருக்கின்றது. புளியமரம் எங்கும் இல்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. வெள்ளம் வருகின்றது என்று வாய்விட்டுச் சொல்வதே அணையின் முதற்கல். ஒரு நாட்டின் தூதர்க்கு மட்டுமன்றி, சங்கத்தை நடத்துவோர்க்கும், குடும்பத்தின் தலைவர்க்கும் இது பொருந்தும். தம்மை நம்பியிருப்போரிடம் நிலைமையை மறைப்பவர், அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் காலத்தையே அவர்களிடமிருந்து பறிக்கின்றார். கொடுக்கும் வாக்கிற்கும் ஓர் எண்ணிக்கை வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னோம், எத்தனை பேருக்கு இடம் இருக்கின்றது என்று கூட்டிப் பார்க்காத வாக்குறுதி, சொல்பவர் எவ்வளவு நல்லவரேயாயினும், கேட்பவரை வரிசையில் அமர்த்தி வைத்துவிட்டு இருளில் நழுவுவதிலேயே முடியும். சைகோன் தூதரக முற்றத்தில் அன்று விடியும் வரை அமைதியாக அமர்ந்திருந்த அந்த 420 பேரை நாம் மறத்தல் ஆகாது.