ஒரு 'ஜி' குறைந்தால்...

பீகாரில் புசா என்றோர் ஊர். அங்கே 1905-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் பலத்த சேதமடைந்து, 1936-இல் டில்லிக்குக் குடிபெயர்ந்தது. வரும்போது ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டு வந்தது. புசா ரோடுக்குப் பெயர் வந்த கதை இது.

நாமும் ஏறக்குறைய அப்படித்தான் வந்து சேர்ந்தோம். டிரங்குப் பெட்டியோடு, ஊரில் பழகிய பேச்சையும் மரியாதை முறையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கரோல் பாகிலும் புசா ரோடிலும் இறங்கினோம். பெட்டியைத் திறந்து சாமான்களை அடுக்கிவிட்டோம். மரியாதையை மட்டும் ஹிந்தியில் எப்படி அடுக்குவது என்று பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் செக்ஷனில் ஒரு தஃப்தரி இருந்தார். என் தகப்பனார் வயது. ஹிந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படிகள் உண்டு என்பது ஊரிலேயே படித்ததுதான். 'ஆப்' மேலதிகாரிகளுக்கு மட்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, அவரிடம் "தும் ஃபைல் லாவோ" என்று சொல்லி வந்தேன். நாளடைவில் என் ஃபைல்கள் எல்லாருடையதற்கும் கடைசியாக வரத் தொடங்கின. மதராஸி என்றால் இவருக்கு இளப்பம் என்று நான் நாலு மாதம் மனத்துக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, வயதான பால்காரரிடம் நான் பேசியதைப் பக்கத்து வீட்டு மாமி கேட்டுவிட்டார். "ஏம்ப்பா, ஊர்ல இந்த வயசுக்காரரை நீன்னு கூப்பிடுவியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே தஃப்தரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மதராஸி திமிர் என்று நினைத்தேன், பேட்டா" என்றார். நாலு மாதமாக இருவருமே ஒருவரை ஒருவர் தப்பாகப் படித்திருக்கிறோம்!

தவறு எங்கே நேர்கிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. "வாங்க", "சொல்லுங்க" என்றால் போதும். தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. ஹிந்தியிலும் "ஆயியே", "பைட்டியே" என்று வினையில் மரியாதை உண்டு. ஆனால் பெயரோடும் பதிலோடும் 'ஜி' தனியாக வர வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு "ஹான்" என்பது நம் காதுக்கு "ஆமாம்" போல ஒலிக்கிறது. கேட்பவருக்கு அது "உம்" கொட்டியது போல இருக்கும். "ஹான் ஜி" என்றால்தான் "சொல்லுங்க" என்று பொருள்படும்.

மறுபக்கமும் உண்டு. டில்லியில் பலர், பஞ்சாபி வாடையோடு, "ஆப் கரோ", "ஆப் ஜாவோ" என்பார்கள். புத்தக ஹிந்தி படித்த நமக்கு அது அதட்டல் போலப் படும். அது இவ்வூர் வழக்கு, அவமதிப்பு அல்ல.

'கல்' என்ற சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். 'பர்ஸோன்' முந்தாநாளும் ஆகும், நாளை மறுநாளும் ஆகும். வினைச்சொல்லைக் கவனிக்காதவர் ஏமாந்து போவார். வேலை விஷயம் என்றால் தேதியைச் சொல்லிக் கேட்டுவிடுவதே நல்லது. "ஹோ ஜாயேகா" என்றால் முடிந்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்; எந்தத் தேதிக்குள் என்று தன்மையாகக் கேளுங்கள். "தேக்தே ஹைன்" என்பது நம் ஊர் "பார்க்கலாம்" போலத்தான். 'பார்க்கலாம்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அதைப் புரிந்துகொள்வது கஷ்டமா என்ன?

மௌனமும் ஒரு பதில்தான்

பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கூட்டத்தில் அதிகாரி எதிரில் பேசாமல் இருப்பதும், புரிந்ததோ இல்லையோ "சரி சார்" என்று தலையை இருபுறமும் ஆட்டுவதும் நமக்கு மரியாதை. அதிகாரியோ சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். அல்லது இவருக்குச் சொந்த யோசனை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அது ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ஏறினால் பதவி உயர்வையே தொடும். மத்திய அரசு ஊழியருக்கு 2009 முதல் அந்த அறிக்கையை முழுவதுமாகக் காட்டியாக வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் எழுதிய பிறகு வாதாடுவதைவிட, கூட்டத்திலேயே "ஒரு சந்தேகம் சார்" என்று இரண்டு வார்த்தை பேசுவது எளிது. திருக்குறளில் 'அவை அறிதல்' என்ற அதிகாரத்தை அடுத்து 'அவை அஞ்சாமை' வருவதை நினைவில் கொள்ளலாம்.

பெயரும் தகராறுதான்

நம் இன்ஷியல் இங்கே யாருக்கும் விளங்குவதில்லை. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். மறுநாள் முதல் "ராமசாமி ஜி" என்று அப்பாவையே கூப்பிடுகிறார்கள்! முதல் நாளே "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. அதேபோல அவர்கள் பெயரையும் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

ஃபைலில் எழுதும்போது

வாயால் சொன்னது மறந்துபோகும். ஃபைலில் எழுதியது நிற்கும். பிறர் குறிப்பில் உள்ள பிழையைச் சுட்டும்போது பண்பான, நிதானமான சொற்களில், தனிப்பட்ட தாக்குதல் இல்லாமல் எழுத வேண்டும் என்று மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடே சொல்கிறது. "விதி தெரியாமல் எழுதியுள்ளார்" என்பதைவிட "இன்ன விதியையும் பார்க்கலாம்" என்பது காரியத்தையும் முடிக்கும், உறவையும் காக்கும். இ-ஆபீஸ் வந்த பிறகும், செக்ஷனுக்கென்று வாட்ஸ்அப் குழு வந்த பிறகும் இது மாறவில்லை. எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒருவரைத் திருத்துவதைவிட, தனியே போய் ஒரு வார்த்தை சொல்வது மேல்.

சக ஊழியர் ஹிந்தியில் குறிப்பு எழுதினால் நம்மை ஒதுக்கவே எழுதினார் என்று எண்ண வேண்டாம். 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளின்படி, ஊழியர் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். மொழிபெயர்ப்பும் தர வேண்டியதில்லை. அவருக்கு உள்ள அதே உரிமை ஆங்கிலத்தில் எழுதும் நமக்கும் உண்டு. புரியாவிட்டால் அவரையே கேட்கலாம். கேட்டுப் பழகியதில் எனக்கு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

நாம் செய்யும் ஒன்று

சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் இருக்க, இருவர் மட்டும் தமிழில் பேசிச் சிரிக்கிறோம். நாம் பேசுவது சாம்பாரைப் பற்றித்தான். மற்ற இருவருக்கோ தங்களைப் பற்றியோ என்று தோன்றும். தமிழ் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு வாக்கியம் அவர்களுக்கும் சொல்லிவிட்டால் மேஜை ஒன்றாகிவிடும்.

இன்று ஐ.ஏ.எஸ். பயிற்சிக்கென்று ராஜேந்திர நகருக்கும் கரோல் பாகுக்கும் நம் பிள்ளைகள் வருகிறார்கள். புசா ரோடுக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறோம், நல்ல டிபன் கிடைக்கும் இடத்தைக் காட்டுகிறோம். கூடவே இதையும் சொல்லி வையுங்கள்: யாராவது முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், "மதராஸி என்று ஒதுக்குகிறான்" என்று முடிவு கட்டுமுன், நாம் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்தது என்று ஒரு முறை யோசிக்கட்டும். ஒதுக்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் என் அனுபவத்தில், பாதி வருத்தங்கள் ஒரு 'ஜி'யிலும் ஒரு டீயிலும் தீர்ந்துபோகக் கூடியவை.